காற்றாடிக்குக் கட்டுக்கயிறு

தொடையில் தென்னந்தும்பை வைத்து உள்ளங்கையால் முன்னுக்கு ஒரு தள்ளு, பின்னுக்கு ஒரு இழுவை, இரண்டு புரியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்வரை கையை எடுக்கக்கூடாது, எடுத்தால் அவிழ்ந்துபோகும், அவிழ்ந்தால் கோபம் வரும், கோபத்தில் திரித்த கயிறுதான் இறுக்கமாக வரும் என்று எங்கள் கூழைத்தீவில் சொல்வார்கள். அப்படியென்றால் இந்தக் கயிற்றை ஆனை இழுத்தாலும் அறாது.

இது ஆடு கட்டுகிற கயிறு இல்லை. இது கட்டுக்கயிறு. எங்கள் தீவில் ஒரு வீட்டில் ஒரு உயிர் மூச்சுக்குப் போராடுகிறது என்றால், அது பிள்ளை பெறுகிற உயிராக இருக்கட்டும், கடைசி மூச்சு இழுக்கிற உயிராக இருக்கட்டும், அந்த வீட்டுப் பொம்பிளை தன் கையால் கயிறு திரித்து, கரைக்குக் கொண்டுபோய், முன்னுக்கு நிற்கிற வள்ளத்தை அந்தோனியார் கோயில் கல்லோடு கட்டி, போராடுகிற உயிரின் பெயரைக் கடைசி வள்ளத்துக்கும் கேட்கிற மாதிரிக் கூவிச் சொல்ல வேண்டும். சொன்னால் முடிந்தது. நோயாளியைப் பட்டணத்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகிற வள்ளத்தைத் தவிர வேறொரு வள்ளமும் கடலில் இறங்காது. ஒருத்தர் மூச்சுக்கு அல்லாடுகிற நேரத்தில் இன்னொருத்தர் உழைக்கக்கூடாது என்பது முறை. கட்டின கை அவிழ்த்தால்தான் உண்டு, வேறு கை அதில் படக்கூடாது.

என் மகள் டிலக்சி பிறந்தபோது என் மாமி கட்டினா. அன்றைக்குக் கரைக்கு முன்னால் பாரை மீன் கூட்டம், கடல் உலைப்பானை மாதிரிக் கொதிக்கிறது, ஆம்பிளைகள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு மணலில் குந்தியிருந்து பார்த்தார்களே தவிர ஒருத்தரும் இறங்கவில்லை. பிள்ளை அழுத சத்தம் கேட்டுத்தான் மாமி போய் அவிழ்த்தா. அதற்குள் மீன் போய்விட்டது. வள்ளங்களுக்குச் சொந்தக்காரர் கஸ்பார் சம்மாட்டியார், அவருக்குத்தான் பெரிய நட்டம், அவரே வந்து "மீன் நாளைக்கும் வரும், நீ வந்தியே என்ர குஞ்சு" என்று பிள்ளையை வாங்கிக் கொஞ்சினார். அதை நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திராது.

டிலக்சிக்கு நடக்கத் தொடங்கிய காலத்திலேயே முட்டு வந்தது. மூச்சு உள்ளே போகும்போது விசில் அடிக்கும், விலா எலும்பு உள்ளே இழுபடும், கண் மட்டும் பெரிதாகி என்னையே பார்க்கும், அந்தப் பார்வையைப் பார்த்த தாய்க்கு உலகத்தில் வேறு ஒன்றும் தெரியாது. தீவின் சின்ன ஆசுப்பத்திரியில் மருந்தைப் புகையாக்கி மூக்கால் இழுக்க வைக்கிற மெசின் ஒன்று இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கிழட்டு ஜெனரேற்றர் இருந்தது. அது கடகடவென்று கத்தும், கறுப்புப் புகை விடும், பக்கத்துக் கோழிகள் எல்லாம் ஓடும், ஆனால் நேர்ஸ் சலேத் மிஸ் அதின்ர கயிற்றை இழுத்தால் உயிர் வந்துவிடும், மெசினுக்கும் வரும், என் பிள்ளைக்கும் வரும். தீவில் வேறு கரண்ட் என்று ஒன்று இல்லை. இருந்த அந்த ஒன்று எங்களுக்குப் போதுமாயிருந்தது.

அப்போதுதான் மானியம் வந்தது.

கடலுக்குள் கிடக்கிற தீவுகளுக்கெல்லாம் நிலையான சக்தி கொடுக்கப்போகிறோம் என்று அரசாங்கம் சொல்லி, ஐயாமார் வெள்ளைப் படகில் வந்து, வலை காயப்போடுகிற கொட்டிலில் கதிரை போட்டுக் கூட்டம் வைத்தார்கள். பெரிய பொறியியலாளர் ஐயா எழும்பினார்.

"காற்றுக்கு முடிவில்லை. ஆனபடியால் இந்தக் கரண்டுக்கும் முடிவில்லை. அணையவே அணையாது."

"அப்ப ஐயா, படுக்கிற நேரம் என்ன செய்யிறது?" என்று என் பக்கத்து வீட்டுப் பிலோமினாக்கா பின்னாலிருந்து கேட்க, கொட்டில் முழுக்கச் சிரிப்பு.

ஐயா சிரிக்கவில்லை. இரண்டு நிபந்தனை சொன்னார். முதலாவது, புகை விடுகிற ஜெனரேற்றரைத் தீவைவிட்டு ஏற்ற வேண்டும், அப்போதுதான் பசுமைத் தீவு என்று போர்டு போடலாம். இரண்டாவது, சமூகப் பங்களிப்பு. "நாங்கள் எல்லாத்தையும் தந்தால் உங்களுக்கு அதின்ர அருமை தெரியாது. உங்கட பக்கத்தாலயும் ஏதாவது குடுக்க வேணும். உழைப்போ, காணியோ, ஏதோ ஒண்டு."

"குடுப்பம் ஐயா, குடுப்பம்," என்றார்கள் எல்லாரும். கொடுப்பது என்னவென்று ஒருத்தரும் கேட்கவில்லை.

கரண்ட் தருகிற பெரிய காற்றாடி வைக்க இடம் பார்த்தார்கள். எங்கள் தீவில் சோளகக் காற்று வந்து விழுகிற கரை தெற்கே இருக்கிறது, அங்கே போக வேண்டுமென்றால் மணலும் நாகதாளி முள்ளும் தாண்டி நடக்க வேண்டும், ஐயாமார் பளபளத்த சப்பாத்தோடு வந்திருந்தார்கள். இறங்குதுறைக்குப் பக்கத்தில், கோயிலுக்கும் பனங்கூடலுக்கும் மறைவில், திறப்புவிழாவுக்கு வருகிறவர்கள் படகால் இறங்கினதும் நாடா வெட்டக்கூடிய மாதிரி ஒரு இடம் இருந்தது. எங்கள் ஊரில் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறது அந்த இடத்தில்தான், ஏனென்றால் சோளகம் பேயாட்டம் ஆடுகிற நாளிலும் அங்கே திரி அசையாது.

"இஞ்ச காற்று எப்பிடி?" என்று பொறியியலாளர் கேட்டார்.

"நல்ல காற்று ஐயா," என்றார் கஸ்பார் சம்மாட்டியார்.

"அருமையான காற்று," என்றார் ஊர் அதிகாரி விதானையார்.

எல்லாரும் தலையாட்டினார்கள். திரிகள் நேராக எரிந்துகொண்டு நின்றன. முந்தி ஒருதரம் தண்ணீர்த்தாங்கி தர வந்தபோது, இடம் பிழை என்று யாரோ வாய் திறந்ததற்காக அந்தத் தாங்கி பக்கத்துத் தீவுக்குப் போய்விட்டது, அந்தச் சூடு எங்கள் எல்லாருக்கும் இருந்தது. அதனால் முழுத் தீவும் சேர்ந்து, காற்றில்லாத இடத்தைப் பார்த்துக் காற்று காற்று என்றது.

விழா நடந்தது. மாலை போட்டார்கள். வந்த படகிலேயே ஜெனரேற்றரை ஏற்றினார்கள், அது போகும்போது நான் சலேத் மிஸ்ஸைப் பார்த்தேன், மிஸ் என்னைப் பார்த்தா. ஒவ்வொரு வீட்டுக்கும் கம்பி வந்தது, மின்குமிழ் வந்தது. என் மனுசன் அலோசிக்குக் காற்றாடிக்குக் காவலாளி வேலை வந்தது, நீலச் சட்டையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். காற்றாடி மட்டும் சுற்றவில்லை. பாவம், அதன்மேல் ஒரு பிழையும் இல்லை, மூன்று இறக்கையையும் விரித்துக்கொண்டு சிலுவை மாதிரி நின்றது, காகம் அதில் கூடு வைத்தது, கூடு கட்டிக் குஞ்சும் பொரித்தது, ஒரு குஞ்சுக்குக்கூடத் தலை சுற்றவில்லை.

பிறகு ஒரு நாள் பின்னேரம், வெயில் தாழ்கிற நேரம், டிலக்சிக்கு முட்டு வந்தது.

நான் அவளை மடியில் நிமிர்த்தி வைத்து முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அவளுடைய மூச்சு விசிலடித்து உள்ளே போனது, விலா உள்ளே இழுபட்டது, காற்றாடியின் ஒரு இறக்கை மெல்ல மேலே எழும்பியது. மூச்சு வெளியே வந்தது, இறக்கை கீழே இறங்கியது. அவளுக்கு இழுப்புக் கூடக்கூட அதற்கு வேகம் கூடியது, காகங்கள் கத்திக்கொண்டு பறந்தன, வீட்டுக்கு வீடு குமிழ்கள் முதலில் சிவந்து பிறகு மஞ்சளாகிப் பிறகு வெள்ளையாகிப் பத்தின. தீவு முழுக்கக் கை தட்டியது. சிலர் வெடி கொளுத்தினார்கள். கோயில் மணி அடித்தது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே நான் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆசுப்பத்திரிக்கு ஓடினேன், எதிரே வந்தவர்கள் எல்லாரும் சிரித்துக்கொண்டு "கொறற்றி, பார்த்தியே, கரண்ட் வந்திட்டுது!" என்றார்கள்.

சலேத் மிஸ் மெசினைப் போட்டா. அது ஓடியது. மருந்துப்புகை வந்தது, பிள்ளை இழுத்தாள், நெஞ்சு இளகியது, காற்றாடி நின்றது, மெசின் நின்றது. மருந்து பாதியிலே நின்றால் பாதி நெஞ்சுதானே திறக்கும், திரும்ப முட்டு வந்தது, திரும்பக் கரண்ட் வந்தது, மெசின் ஓடியது, பிள்ளை தேறினாள், எல்லாம் அணைந்தது. கிணற்றுத் துலா மாதிரி. ஒரு பக்கம் எழும்பினால் மறு பக்கம் தாழும். மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு "கொறற்றி, இப்பிடியெண்டால் பிள்ளைக்கு ஒருநாளும் முழுசாச் சுகம் வராதே," என்றா.

இது ஏன் நடக்கிறது என்று எங்கள் தீவில் ஒருத்தரும் மண்டையைப் போட்டு உடைக்கவில்லை. கடலில் திடீரென்று நீரோட்டம் மாறினால் ஏன் என்றா கேட்கிறோம், எந்தப் பக்கம் வலை போடலாம் என்றுதானே பார்க்கிறோம். கோயில் சுவாமியார் பிரசங்கத்தில், கடவுள் சின்னப் பிள்ளைகள் வழியாகத்தான் வெளிச்சம் தருவார் என்றார். அதோடு விளக்கம் முடிந்தது.

முதலில் எல்லாரும் நல்லவர்களாகத்தான் இருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். குமிழ் பத்தின உடனே ஓடி வந்தார்கள், பிலோமினாக்கா கொதிதண்ணீர் கொண்டுவந்தா, நான் கயிறு திரிக்க முந்தியே, கேட்காமலே, தாங்களாக வள்ளங்களைக் கட்டினார்கள். குமிழை ஊதி அணைக்கப் பார்த்த கிழவர் ஒருவரும் இருந்தார், பிள்ளையின் உயிர் எரியுதே என்று. ஆனால் வள்ளத்தைக் கட்டிவிட்டுச் சும்மா இருக்கிற நேரத்தில், பத்துகிற குமிழுக்குக் கீழே காட்ஸ் விளையாடினார்கள். பிறகு கஸ்பார் சம்மாட்டியார் பட்டணத்திலிருந்து ரீவி கொண்டுவந்தார். பிறகு நண்டு பழுதாகாமல் வைக்க ஒரு பெரிய ஐஸ்பெட்டி கொண்டுவந்தார். ஐஸ்பெட்டிக்குள் நண்டு இருக்கிறபோது வள்ளம் கரையில் கட்டிக் கிடக்கலாமா? ஒரு நாள் ஒரு வள்ளம் இறங்கியது. "முட்டுத்தானே, மெசின் இருக்குத்தானே" என்றார்கள். அடுத்தமுறை எல்லா வள்ளமும் இறங்கின.

அதுக்குப் பிறகு என் பிள்ளையின் நெஞ்சு எல்லார் வீட்டுக் கூரையிலும் தொங்கியது. காலமை எழும்பினதும் சனம் குமிழைப் பார்க்கும், பிறகுதான் என் வீட்டைப் பார்க்கும்.

"பிள்ளைக்கு இண்டைக்கு எப்பிடி, கொறற்றி?"

"சுகமாயிருக்கிறாள்."

"ஓ," என்பார்கள். "சுகமாமே." கையில் சார்ஜ் இறங்கின போனை வைத்துக்கொண்டு முகம் தொங்கிப்போகும்.

பிள்ளைக்கு ஒரு கிழமை நல்லாயிருந்தால் என்னைக் கண்டதும் கதை நின்றுவிடும். ரீவி நாடகத்தில் அந்தப் பெட்டைக்குக் கலியாணம் நடந்ததோ இல்லையோ என்று தெரியாமல் போனதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். நண்டு நாறினதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். என் பிள்ளை சிரித்தால் தீவு இருட்டாகிவிடும், இப்படி ஒரு பிள்ளையின் சிரிப்பைப் பார்த்து முகத்தைச் சுளித்த ஊர் உலகத்தில் வேறு எங்காவது உண்டா? அவளும் அறிந்துகொண்டாள், சின்னதுகளுக்கு எல்லாம் விளங்கும், ஒருநாள் விளையாடிக்கொண்டிருந்தவள் என் காதுக்குள் வந்து "அம்மா, நான் இண்டைக்கும் சுகம், ஆருக்கும் சொல்லாதையுங்கோ," என்றாள்.

கஸ்பார் சம்மாட்டியார் ஐஸ்பெட்டியில் ஐஸ்பழம் செய்தார். சிவப்பு ஐஸ்பழம். தீவுப் பிள்ளைகளுக்கெல்லாம் விலை, டிலக்சிக்கு மட்டும் சும்மா. "பாவம் பிள்ளை, ஆசைப்படுகுது," என்று வெயில் தாழ்கிற நேரமாகப் பார்த்துக் கையில் கொடுத்துவிடுவார். அவளுடைய மூச்சில் உறைந்த ஐஸ், அவளுடைய நெஞ்சுக்குள்ளே போய், திரும்ப மூச்சை அடைத்து, திரும்ப ஐஸை உறைய வைத்தது. நிலையான சக்தி என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பிலோமினாக்காவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. பின்னேரப் பூசை, வீடியோக்காரன் பட்டணத்திலிருந்து வந்திருந்தான், கோயிலுக்குள்ளே சோடனை லைற். தாலி கட்டப்போகிற நேரம் டிலக்சிக்கு இழுத்தது, கோயில் சொர்க்கம் மாதிரி மின்னியது. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்ப, பிலோமினாக்கா என் சேலைத் தலைப்பைப் பிடித்தா. "தங்கச்சி, கும்பிட்டுக் கேக்கிறன், தாலி கட்டுற மட்டும் பொறு. ஒரு நிமிசம். இந்த ஒரு நிமிசம்தானே." எனக்கு நாலுபேருக்கு முன்னால் வாய் எழும்பாது, ஆனால் கால் எழும்பும், தலைப்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். மெசினுக்கு முன்னால் பிள்ளை தேறிய நேரம் கோயில் இருண்டது. மாப்பிள்ளை இருட்டுக்குள்ளே தாலி கட்டினான், வீடியோவில் சத்தம் மட்டும்தான் இருக்கிறதாம். அதுக்குப் பிறகு பிலோமினாக்கா என்னோடு கதைக்கவில்லை.

இதையெல்லாம் அறிந்து ஐயாமார் திரும்ப வந்தார்கள். காற்றாடி நல்லாகச் சுற்றுவதாக விதானையார் அறிவித்திருந்தார், எப்படிச் சுற்றுகிறது என்பதையும் ஒளிக்காமல் சொன்னார். பொறியியலாளர் ஐயா ஆச்சரியப்படவில்லை. என் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டு இருந்து, தேத்தண்ணி குடித்து, பிள்ளையை மேலும் கீழும் பார்த்தார். கூட வந்த அதிகாரி அம்மா கையைத் தட்டினா.

"சேர், நாங்கள் இவ்வளவு நாளும் சமூகப் பங்களிப்பு எங்க எண்டு தேடிக்கொண்டிருந்தம். இதுதான் அது!"

"ஓம், சரியாத்தான் சொல்லுறீங்கள்," என்றார் ஐயா. பிறகு விதானையாரிடம் திரும்பி, "வேற பிள்ளையளுக்கும் முட்டு இருக்கோ? இருந்தால் ரெண்டாம் கட்ட மானியத்தில இன்னும் ரெண்டு காற்றாடி தரலாம்."

"தேடிப் பார்ப்பம் ஐயா," என்றார் விதானையார். முற்றத்தில் நின்ற சனத்தில் சில தாய்மார் தங்கள் பிள்ளைகளைப் பின்னுக்கு மறைத்தார்கள். சிலர் மறைக்கவில்லை, அதையும் நான் பார்த்தேன்.

டிலக்சிக்குக் கண் மூடித் திறக்கிற ஒரு பொம்மை கொடுத்துப் படம் பிடித்தார்கள். எனக்கு ஒரே ஒரு புத்தி சொன்னார்கள். "இரண்டாம் கட்டத்துக்குப் பெரிய இடத்தில இருந்து ஆக்கள் பார்க்க வருவினம். அதுமட்டும் பிள்ளையைத் தீவை விட்டு வெளியால கொண்டுபோகாதையுங்கோ, அம்மா. ஊரின்ர நன்மைக்குத்தானே."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள்.

போன கிழமை முட்டு வந்தது, வழமையான முட்டு இல்லை. பிள்ளையின் உதடு நீலமாகியது. காற்றாடி கழன்று பறந்துவிடும் போலச் சுற்றியது, குமிழ்கள் வெடித்துவிடும் போல எரிந்தன, மெசின் ஓடியும் அவளுக்குப் பிடிபடவில்லை. சலேத் மிஸ் "பட்டணத்துக்குக் கொண்டு ஓடு, அங்க ஒக்சிசன் இருக்கு," என்று கத்தினா. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓடினேன். வள்ளங்கள் இறங்கப்போகிற நேரம், கஸ்பார் சம்மாட்டியார் ஐஸ் அள்ளிப் பெட்டிகளில் போட்டுக்கொண்டு நின்றார்.

"மாமா, ஒரு வள்ளம் தாங்கோ. பிள்ளைக்கு ஏலாமல் கிடக்கு."

"எங்க கொண்டுபோறாய்? இஞ்சதான் மெசின் இருக்கே, கரண்டும் நல்லா வருகுது, பார்."

"பட்டணத்துக்கு. இது உயிர்ப் போராட்டம், மாமா. வள்ளங்களைக் கட்ட வேணும்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை, பின்னால் எரிகிற குமிழைப் பார்த்தார். "பிள்ளை, முந்தி அதை முட்டு எண்டு சொன்னம்," என்றார், கோபமாகக்கூட இல்லை, சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி. "இப்ப அது கரண்ட். கரண்டுக்கு ஆராவது வள்ளம் கட்டுறதே?"

பாரை மீனை விட்டுவிட்டு என் பிள்ளையைக் கொஞ்சின அதே வாய்.

வள்ளங்கள் இறங்கின. நான் மணலில் குந்தியிருந்து பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து, என் மூச்சை அவளுடைய முகத்தில் ஊதி ஊதி, அந்தோனியாரைத் திட்டித் திட்டிக் கிடந்தேன், எப்படியோ அவள் தேறினாள். தேறின உடனே தீவு இருண்டது, வீடுகளுக்குள்ளிருந்து "ச்சே!" என்ற ஒரே குரல் கேட்டது. அந்த "ச்சே" என் காதில் இன்னும் கிடக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து தும்பை ஊறப்போட்டேன்.

இன்றைக்குப் பெரிய இடத்து ஆக்கள் வருகிறார்கள். காலமை தொடங்கி இறங்குதுறையைக் கூட்டுகிறார்கள், வாழை கட்டுகிறார்கள், தோரணம் தொங்குகிறது. டிலக்சி நல்ல சுகமாக முற்றத்தில் பொம்மையைக் குளிப்பாட்டுகிறாள். அவளுடைய சுகம்தான் இன்றைக்கு ஊருக்குப் பெரிய வருத்தம். ஐஸ்பழம் கொண்டுவந்தார்கள், வாங்கிக் கிணற்றடியில் எறிந்தேன். இப்போது என் வேலிக்கு வெளியே, காற்று வருகிற பக்கமாகப் பார்த்து, யாரோ ஈரத் தேங்காய்ப் பொச்சுமட்டை குவித்திருக்கிறார்கள். கேட்டால் நுளம்புக்குப் புகை போடப்போகிறார்களாம். பட்டப்பகலில் நுளம்பாம். பசுமைத் தீவில் ஜெனரேற்றர் புகை கூடாது, என் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிற புகை கூடும்.

நான் திரிக்கிறேன். கொஞ்ச நேரத்துக்கு முந்தி வேலிப்படலை திறந்து பிலோமினாக்கா வந்தா. கலியாணத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் வந்தா. எனக்கு முன்னால் இருந்து, சேலையை ஒதுக்கி, தொடையில் தும்பை வைத்து உருட்டத் தொடங்கினா.

"கட்டுக்கயிறு வீட்டுப் பொம்பிளைதான் திரிக்க வேணும், அக்கா," என்றேன்.

"அப்ப திரிக்கேல்லை. தும்பு பிரிச்சுத்தாறன்." தலையைக் குனிந்துகொண்டே சொன்னா, "மட்டை குவிச்சது என்ர மனுசன். நான் அவருக்குச் சோறு போடேல்லை." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இருட்டுக்க தாலி கட்டினால் கட்டுப்படாதே? என்ர மகள் இப்ப முழுகாமல் இருக்கிறாள்," என்றா. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, கயிற்றை விடாமல் இரண்டையும் செய்தேன்.

அதற்குப் பிறகு அலோசி வந்தார், நீலச் சட்டையோடு. கயிற்றின் நீளத்தைப் பார்த்தார், வள்ளத்துக்கு இவ்வளவு தேவையில்லை என்று கடல்காரனுக்குத் தெரியாதா.

"எதைக் கட்டப்போறாய்?"

நான் காற்றாடியைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"என்ர வேலை போகும்," என்றார்.

"போகட்டும்."

"கட்டினால் மெசினும் ஓடாது, தெரியும்தானே?"

"மெசின் ஓடி அவள் என்னத்தைக் கண்டாள்? கட்டினால் ஒரு படகு இறங்கியே ஆக வேணும். அது முறை. நோயாளியை ஏற்றாமல் ஒரு படகும் துறையை விட்டுப் போகேலாது, வாற ஐயாமாரின்ர வெள்ளைப் படகும் சேர்த்துத்தான்."

அவர் என்னை இப்போதுதான் முதன்முதல் கண்டவர் மாதிரிப் பார்த்தார். நான் இவ்வளவு சொற்களை ஒரே நேரத்தில் சொன்னது கலியாணம் முடித்த பிறகு இதுதான் முதல்தரம்.

"அப்ப நீங்கள் ஏறிக் கட்டுவீங்களே?" என்று கேட்டேன். இரும்பு ஏணியில் ஏறிப் பழக்கமுள்ளவர் அவர்தான்.

"நான் கட்டக்கூடாது, கொறற்றி. கட்டின கைதானே அவிழ்க்கலாம். நான் சம்பளக்காரன், நாளைக்கு அவங்கள் ஒரு உறுக்கு உறுக்கினால் அவிழ்த்துப்போடுவன், என்னை எனக்குத் தெரியும். உன்னை ஒருத்தரும் மசிய வைக்கேலாது. அவங்கள் கத்துவாங்கள், நீ தலையைக் குனிஞ்சுகொண்டு நிப்பாய். வேற என்ன செய்வாங்கள்?" பிறகு கொடியில் கிடந்த தன் காற்சட்டையை எடுத்து என் மடியில் போட்டார். "சேலையோட ஏறாதை. நான் ஏணியடியில நிக்கிறன். நான் காவலாளி. உன்னைத் தவிர வேற ஒருத்தரையும் ஏற விடன்."

பிலோமினாக்கா அந்தக் காற்சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளயும் காற்றுத்தான் போகும்," என்றா.

காற்றாடி பிள்ளையின் மூச்சை இழுக்கிறதா, பிள்ளையின் மூச்சு காற்றாடியைத் தள்ளுகிறதா என்று எனக்குத் தெரியாது. கட்டிவிட்டால் அவளுடைய நெஞ்சு இளகுமா, இளகாதா, அதுவும் தெரியாது. எனக்குத் தெரிந்தது, அவள் இழுக்கிற மூச்சில் இனி ஒரு நண்டும் உறையக்கூடாது, ஒருத்தரும் ஒரு பொத்தானும் அமுக்கக்கூடாது, முட்டு திரும்ப முட்டாக வேண்டும், அதைக் கண்டால் சனம் கை தட்டாமல் ஓடிவர வேண்டும். இந்தக் கயிறு அதுக்குத்தான். ஒரு தலைப்பு இறக்கையில், மறு தலைப்பு அந்தோனியார் கல்லில். அறுக்கட்டும் பார்ப்போம், எங்கள் தீவில் கட்டுக்கயிற்றை அறுத்தவனின் வள்ளத்தில் பிறகு ஒருத்தரும் கால் வைக்கமாட்டார்கள், சம்மாட்டியாரானாலும் சரி.

கட்டுவது எனக்குப் பயமில்லை. ஏறுவதும் பயமில்லை. பெயர் சொல்ல வேண்டுமே, அதுதான். வெள்ளைச் சட்டைக்காரர் எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, மேலேயிருந்து, கடைசி வள்ளத்துக்கும் கேட்கிற மாதிரி. கோயிலில் பாட்டுப் படிக்கிறபோதுகூட வாயை மட்டும் அசைக்கிறவள் நான். பிள்ளையைக் கூப்பிடுவதென்றாலும் பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவேன். என் குரல் எவ்வளவு தூரம் போகும் என்று எனக்கே தெரியாது, ஒருநாளும் அனுப்பிப் பார்த்ததில்லை.

கடைசிப் புரி இறுகிவிட்டது. முடிச்சுப் போட்டாகிவிட்டது. துறைப் பக்கம் மேளம் கேட்கிறது, வெள்ளைப் படகு வந்து அணைகிறது போல. வேலிக்கு வெளியே மட்டை புகையத் தொடங்கிவிட்டது, பிலோமினாக்கா குடத்துத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு, தன் மனுசனைப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டு, அதன்மேல் ஊற்ற ஓடுகிறா. டிலக்சி ஒருதரம் இருமினாள். பனங்கூடலுக்கு மேலே ஒரு இறக்கை மெல்ல அசைகிறது, இல்லை, அசையவில்லை, அசைகிறது. நான் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுவிட்டேன், காற்சட்டையின் வாரை இறுக்கிவிட்டேன், குந்தின இடத்திலேயே தொண்டையைச் செருமிப் பார்க்கிறேன், டி என்று தொடங்க வேண்டும், வாயை நல்லாகத் திறந்து, வயிற்றிலிருந்து எடுத்து, அதுவும் ஏணியின் பாதியில் இல்லை, உச்சியில் நின்று, இறக்கையில் முதல் சுற்றைப் போட்டு முடிச்சு இறுகின உடனே, அவர்கள் எல்லாரும் என்ன என்று கேட்கிறதுக்கு முந்தி, நான்

"கொறற்றி! எழும்படி, பிள்ளைக்கு இழுக்குது! கயிற்றை எடுத்துக்கொண்டு வா!" என்று பிலோமினாக்கா கத்துகிறா.

வாறன் அக்கா, இதோ வாறன், இந்த ஒரு நிமிசம்